விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

அரசுப் பணியில் இருக்கும்போது விபத்தாலோ நோயாலோ உடல் முடங்கிப்போனவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தபோது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. இருந்திருந்தால் ஒன்றரை வருடத்துக்கு மேல் அலைந்திருக்க வேண்டாம், நாலு லட்சம் ரூபாய்க்குப் பக்கத்தில் கையை விட்டுப் போயிருக்காது, அம்மாவின் நகை அடகுக்குப் போயிருக்காது.

நான் மாநில அரசுத் துறை ஒன்றில் களப்பணியில் இருந்தவள். ஸ்கூட்டியில் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை. இருபது வருட சர்வீஸ் முடிந்திருந்த நேரம். ஒரு விடுமுறை நாளில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. முதுகுத்தண்டில் அடி. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. மறுவாழ்வு மையத்தில் பல மாதம் இருந்து, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நானே மாறவும், கதீட்டர் குழாய் போட்டு நானே சிறுநீர் எடுக்கவும் கற்றுக்கொண்டேன். கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. தலை தெளிவாக இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கும் எந்த அலுவலக வேலையையும் என்னால் செய்ய முடியும் என்று அங்கிருந்த டாக்டரே எழுதிக் கொடுத்தார்.

ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் தீர்ந்து சம்பளமில்லா விடுப்பில் ஓடிக்கொண்டிருந்தபோது ஆபீசிலிருந்து கண்காணிப்பாளரும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். பழங்கள் வாங்கி வந்திருந்தார்கள். உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காபி குடித்து முடித்த பிறகு ஒருவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "மேடம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். இந்த நிலைமையில எதுக்கு அலைச்சல்? வி.ஆர்.எஸ். குடுத்துடுங்க. பையனுக்குக் கருணை அடிப்படையில ஏதாவது பார்க்கலாம்." கம்ப்யூட்டரில் டைப் செய்த கடிதம். என் பெயர், பதவி, பணியில் சேர்ந்த தேதி எல்லாம் சரியாக இருந்தது. 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று ஒரு வரி. தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். என் சொந்த விருப்பத்தை வேறு யாரோ உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவர்கள் போன பிறகு வீட்டிலும் அதே பேச்சுதான். "கௌரவமா வெளிய வந்துடு கண்ணு" என்றார் அம்மா. அண்ணனும் அதையே சொன்னான். அன்று இரவு முழுக்க அழுதேன். கால் போனதற்கு அழுததைவிட அன்றைக்குத்தான் அதிகம் அழுதேன்.

இதைப் படிக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது அந்தக் கையெழுத்தைத் தள்ளிப்போடுவதுதான். நான் 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்தவள், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவள். மாதாமாதம் உறுதியான தொகை தரும் பழைய ஓய்வூதியம் எனக்குக் கிடையாது. வேலையை விட்டால் மாதச் சம்பளம் அன்றோடு நின்றுவிடும். பையனுக்கு வேலை என்று வாயால் சொன்னவர்களிடம் அதை எழுத்தில் கேட்டேன், ஒருவரும் தரவில்லை. விருப்ப ஓய்வை நீங்களே கேட்டு வாங்கிவிட்டால், அரசு உங்களை வெளியேற்றவில்லை, நீங்களாகப் போனீர்கள் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு சட்டத்தின் உதவியைக் கேட்பது மிகவும் கடினம்.

மறுவாழ்வு மையத்தில் பழக்கமான ஒருவர் மூலம் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் இருக்கும் ஒரு தோழரின் நம்பர் கிடைத்தது. போலியோவால் பாதிக்கப்பட்டவர், இந்த வேலையையே பல காலமாகச் செய்கிறவர். நான் பாதி சொல்லும்போதே, "தங்கச்சி, கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றதும், "அப்போ வேலை போகாது. இருபதாவது பிரிவு, நாலாவது உட்பிரிவு. எழுதிக்குங்க" என்றார்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 20(4). பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்ட ஊழியரை எந்த அரசு நிறுவனமும் வேலையை விட்டு நீக்கக்கூடாது, பதவி இறக்கமும் செய்யக்கூடாது. பழைய வேலையைப் பார்க்க முடியாவிட்டால் அதே ஊதிய விகிதமும் அதே பணிப் பலன்களும் உள்ள வேறு பணியிடத்துக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடமே இல்லை என்றாலும், பொருத்தமான இடம் காலியாகும் வரை அல்லது ஓய்வு வயது வரை அவருக்காகவே உருவாக்கும் கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே வழி சொல்கிறது. அதனால் 'காலியிடம் இல்லை' என்பது ஒரு பதிலே கிடையாது. பிரிவு 20(3)-இன்படி ஊனத்தை மட்டுமே காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கவும் கூடாது. நான் படுத்திருந்தபோது பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து என் பெயரை ஓசைப்படாமல் எடுத்திருந்தார்கள். இது தெரிந்த பிறகுதான் அதையும் எழுதிக் கேட்க முடிந்தது.

இதில் இரண்டு விஷயத்தை எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள். ஒன்று, டூட்டியில் இருந்தபோது அடிபட்டிருந்தால்தான் செல்லும் என்பது. அப்படி எங்கேயும் இல்லை. பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டிருந்தால் போதும், விடுமுறை நாளில் நடந்த விபத்தாக இருந்தாலும் சரி, நோயாக இருந்தாலும் சரி. இன்னொன்று, 40 சதவீதம் இருந்தால்தான் என்பது. இடஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீதக் கணக்கு. பிரிவு 20(4) 'ஊனம்' என்று மட்டும்தான் சொல்கிறது.

நான் அப்போது வீட்டை விட்டு வெளியே வரவே பயந்த நிலையில் இருந்ததால், அண்ணன் தனக்குத் தெரிந்த வக்கீலிடம் போனான். நோட்டீஸ் அனுப்ப இருபத்தைந்தாயிரம் வாங்கினார். நோட்டீஸில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 47 என்று எழுதியிருந்தார். அந்தப் பிரிவும் கிட்டத்தட்ட இதே பாதுகாப்பைத்தான் தந்தது. காலில் அடிபட்டு, காலையே எடுக்க வேண்டிவந்த குணால் சிங் என்ற மத்தியப் படைக் காவலரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் கொடுத்த புகழ்பெற்ற தீர்ப்பும் அந்தப் பிரிவை வைத்துத்தான். ஆனால் 2016 சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்ததும் பழைய சட்டம் ரத்தாகிவிட்டது. அலுவலகத்திலிருந்து வந்த பதில் இரண்டே வரி: தாங்கள் குறிப்பிட்டுள்ள சட்டம் தற்போது நடைமுறையில் இல்லை, எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது. அந்தப் பதில் வருவதற்கே சில மாதம் போய்விட்டது. சம்பளமில்லாத மாதங்கள். வக்கீல் யாராக இருந்தாலும் நோட்டீஸ் போகும் முன் ஒரு பிரதி வாங்கி, 2016 சட்டம், 20(4) என்று இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பழைய தீர்ப்புகளைக் காட்டலாம், கோரிக்கை மட்டும் புதிய சட்டத்தின் பிரிவில் நிற்க வேண்டும்.

அடுத்து மருத்துவக் குழு. அலுவலகம் என்னை அனுப்பியபோது கொடுத்த கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: இவர் களப்பணிக்குத் தகுதியுடையவரா? அதற்கு எந்த டாக்டராக இருந்தாலும் இல்லை என்றுதான் எழுத முடியும். அப்படியே எழுதினார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு 'பணிக்குத் தகுதியற்றவர்' என்று கோப்பை நகர்த்த ஆரம்பித்தார்கள். தோழர் சொன்னபடி நான் மறுபடியும் மனுக் கொடுத்து, உட்கார்ந்து செய்யும் எந்த வகைப் பணியைச் செய்ய முடியும் என்பதையும் குழுவிடம் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். இரண்டாவது சான்றிதழில் 'அமர்ந்து செய்யும் அலுவலகப் பணிக்குத் தகுதியுடையவர்' என்று வந்தது. என் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நின்றது. மருத்துவக் குழுவுக்குப் போகும் முன் அலுவலகம் என்ன கேள்வி கேட்டு அனுப்புகிறது என்பதைப் படித்துப் பாருங்கள். ஊனச் சான்றிதழையும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையையும் இதே நேரத்தில் ஆன்லைனில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே மூவாயிரம் கேட்டு ஒருவர் வந்தார், கொடுக்காமலே எனக்கு வந்து சேர்ந்தது.

அந்தச் சான்றிதழ் கையில் வந்த அன்றே பணியில் சேரும் அறிக்கை எழுதி, ஒரு பிரதியில் தபால் பிரிவு சீல் வாங்கினேன். போனில் சொன்னால் போதும் என்றார்கள். போதாது. நீங்கள் வேலைக்குத் தயார் என்று எழுத்தில் கொடுத்த நாளிலிருந்துதான், பணியிடம் தராமல் இழுத்தடித்தது அவர்கள் பொறுப்பு என்று கேட்க முடியும். எங்கள் பக்கம் இதைக் கட்டாயக் காத்திருப்பு என்பார்கள், அதைப் பணிக்காலமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். சீல் போட மறுத்தால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல், ஒப்புகையோடு தபாலில் அனுப்பிவிடுங்கள்.

இதே சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் வில்லை ஒட்டி மனுப் போட்டேன். குறைதீர் அலுவலர் யார், 21-ஆவது பிரிவின்படி வெளியிட வேண்டிய சம வாய்ப்புக் கொள்கையின் நகல் எங்கே, மாவட்டத்தில் என் ஊதிய விகிதத்தில் எத்தனை அலுவலகப் பணியிடம் காலி, என் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். காலியிடம் இல்லை என்று எனக்கு எழுதியவர்களே காலியிடப் பட்டியலை அனுப்பினார்கள். குறிப்புப் பக்கத்தில், 'பணியாளரின் உடல்நிலை கருதி விருப்ப ஓய்வு பெற அறிவுறுத்தப்பட்டது' என்று பேனாவால் எழுதி இனிஷியல் போட்டிருந்தது. அன்றைக்குப் பழம் வாங்கி வந்தவர்களில் ஒருவருடைய இனிஷியல். கோபத்தில் கை நடுங்கியது. ஆனால் நான் எவ்வளவு சொல்லியிருந்தாலும் நிரூபிக்க முடியாததை அந்த ஒரு வரி நிரூபித்தது.

அந்தக் காகிதங்களை எல்லாம் இணைத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் நானே மனுக் கொடுத்தேன், வக்கீல் வைக்கவில்லை. ஆணையருக்கு ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரைதான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துறை மூன்று மாதத்துக்குள் அதன்மேல் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும், ஏற்கவில்லை என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். அப்போதும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. விசாரணையில் என் தரப்பைக் கேட்டபோது, "எனக்குச் சலுகை வேண்டாம் சார், என் வேலையைக் கொடுங்க" என்றேன். வேறு எதுவும் பேச வரவில்லை. துறையின் பிரதிநிதி காலியிடம் இல்லை என்று ஆரம்பித்தார். பட்டியலை எடுத்து வைத்தேன். அதோடு அந்த வாதம் முடிந்தது. பரிந்துரை என் பக்கம் வந்தது. மூன்று மாதம் முடிய சில நாள் இருக்கும்போது, அதே ஊதியத்தில் ஓர் அலுவலகப் பணியிட ஆணை கையில் வந்தது.

அது முதல் மாடி. லிப்ட் கிடையாது.

வாசலில் சாய்தளம் இருந்தது. அதை நம்பித்தான் போனேன். பளபளவென்று வழுக்கும் டைல்ஸ், கைப்பிடி இல்லை, அண்ணன் பின்னால் பிடித்துத் தள்ளியும் நாற்காலி பின்னால் சரிந்தது. மத்திய அரசின் அணுகல் வழிகாட்டு நெறிமுறைப்படி ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சாய்தளம் போக வேண்டும். இங்கே இரண்டடி உயரத்தை ஐந்தடிக்குள் முடித்திருந்தார்கள். அதாவது, ஆய்வுக்கு வருகிறவர்கள் போட்டோ எடுப்பதற்காகக் கட்டியது. மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை என்று நீலப் பலகை மாட்டிய அறைக்குள் பழைய கோப்பு மூட்டைகளும் உடைந்த நாற்காலிகளும். சாவி இரவுக் காவலரிடம். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு என்னைப் போல இருப்பவர்கள் நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தமான இடத்தில் கதீட்டர் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். இரண்டே வாரத்தில் சிறுநீர்த் தொற்று, குளிர் ஜுரம், ஆஸ்பத்திரி. அந்த ஒரு முறை மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல் செலவு. பெண்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம். நான் மனுவில் பச்சையாகவே எழுதினேன். கழிப்பறை இல்லாததால் எனக்கு என்ன ஆனது என்று டிஸ்சார்ஜ் சம்மரியோடு எழுதிய பிறகுதான் அந்த அறை காலியானது. எனக்குத் தரைத்தளத்தில் இடமும் ஒதுக்கினார்கள்.

இங்கேயும் சட்டம் நம் பக்கம்தான். 20(2) பிரிவின்படி ஊழியருக்கு நியாயமான வசதி செய்து கொடுக்க வேண்டியது அரசு நிறுவனத்தின் கடமை. தேர்வில் தனக்காக எழுத ஓர் உதவியாளர் கேட்ட விகாஷ் குமார் வழக்கில், நியாயமான வசதி செய்து தருவது கடமை என்பதை உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கட்டடங்களுக்கு 45-ஆவது பிரிவு. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டன, அதிலிருந்து ஐந்து வருடத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் அணுகும்படி மாற்றியிருக்க வேண்டும். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. பொதுக் கட்டடம் என்றால் அரசுக் கட்டடம் மட்டும் இல்லை, பொதுமக்கள் வந்துபோகிற தனியார் கட்டடமும் சேர்த்துத்தான். வங்கி, நகைக்கடை, தியேட்டர், கல்யாண மண்டபம் எல்லாமே அதில் அடங்கும். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் போட்ட வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்த விதிகளில் அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை போல எழுதியிருந்த 15(1)-ஆவது விதி செல்லாது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பத்தொன்பது வருடம் அந்த மனிதர் விடாமல் நின்றிருக்கிறார். மனு எழுதும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். நீங்கள் மனுக் கொடுக்கும்போது 'வசதி இல்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். டேப் வைத்து அளந்து, சாய்தளம் இவ்வளவு நீளம், இவ்வளவு உயரம், கதவின் அகலம் இவ்வளவு என்று போட்டோவோடு கொடுங்கள். அளவு சொன்ன மனுவைத்தான் பொறியாளர் கையில் எடுக்கிறார்.

தனியார் கம்பெனியில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. பிரிவு 20 அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. உங்களுக்கு 3-ஆவது பிரிவின் பொதுவான பாகுபாட்டுத் தடையும், சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்ற 21-ஆவது பிரிவும், கட்டட அணுகல் விதிகளும் இருக்கின்றன, வேலைப் பாதுகாப்பு அந்த அளவுக்கு இல்லை. அதற்காகக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். கொள்கையின் நகலைக் கேட்டு ஹெச்.ஆருக்கு மெயில் போடுங்கள். சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் வரையும், மறுபடி மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரையும் அபராதம் என்று 89-ஆவது பிரிவு சொல்வது தனியாருக்கும் சேர்த்துத்தான்.

பணியிடம் கிடைத்த பிறகும் காத்திருந்த மாதங்களின் சம்பளத்தை முழுதாகத் தரவில்லை. பணியில் சேரும் அறிக்கை கொடுத்த நாளுக்குப் பிந்தைய காலத்தை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன், முதல் மருத்துவக் குழுச் சான்றிதழை வைத்து என்னை உட்காரவைத்த மாதங்களுக்காக இப்போது உயர் நீதிமன்றத்தில் மனு நிலுவையில் இருக்கிறது. பதவி உயர்வும் அதே மனுவில்தான். இந்த முறை வக்கீலுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். போகும்போது ஊனச் சான்றிதழ், மருத்துவக் குழுச் சான்றிதழ், சீல் வாங்கிய மனுக்களின் பிரதி, அலுவலகம் தந்த பதில்கள், இவற்றைத் தேதி வாரியாக அடுக்கி ஒரே பைலில் கொண்டுபோங்கள். கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த கடிதம் கையில் இருந்தால் அதையும் கிழிக்காமல் வையுங்கள். என்னிடம் வந்த கடிதம், கையெழுத்து இல்லாமலே, இப்போது என் ரிட் மனுவில் இணைப்பாகப் போயிருக்கிறது.